வ்ருத்தை பெற்ற இளமையும் ஆளவந்தார் தவறவிட்ட நாளும்

திருமழிசைப்பிரானுடைய வைபவத்தை இக்காலத்தில் எழுதுகிறவர்கள் இரு திறத்தார். வானத்தில் புலியேறி வந்த ஸித்தனும் ரஸகுளிகை கொண்டுவந்த கொங்கண ஸித்தனும் வரும் இடங்களைச் சொல்லக் கூசி, ‘ஐதிஹ்யம்’ என்ற ஒரு சொல்லால் அவற்றைத் தாண்டி, திருச்சந்தவிருத்தத்தின் தத்த்வார்த்தங்களுக்கு விரைந்துவிடுவார் ஒரு திறத்தார். மற்றவர்க்கோ அவ்விடங்களே உயிர்நிலை. ஆழ்வாரைச் சித்தர்க்கெல்லாம் பெரிய சித்தர் என்று கொண்டாடி, பதினெண் சித்தர் வரிசைக்கு அருகே அவருக்கும் ஓர் ஆஸனம் இட்டுவிடுவர். முன்னவர் செய்வது விடுகை. பின்னவர் செய்வது மாறாட்டம். இரண்டனுள் பின்னதே ஸம்ப்ரதாயத்துக்கு அதிக ஹானி. ஆயினும் இருவருக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது: அக்கதைகள் சக்தியைப் பற்றியவை என்பது. குருபரம்பரா ப்ரபாவ நூல்களில் அவை நிற்கும் வரிசையிலேயே வைத்து வாசித்தால், பூர்வர்களுடைய நோக்கு சக்தியின் அளவில் இல்லை என்பதும், அந்த ஸித்தியினால் எவருடைய காலம் எதில் கழிந்தது என்பதையே அவர்கள் விசாரிக்கிறார்கள் என்பதும் விளங்கும்.

ஸித்திகளை இகழவேண்டியபோதெல்லாம் பதஞ்ஜலியின் விபூதிபாதத்திலிருந்து ஒரு ஸூத்ரத்தை எடுப்பது வழக்கமாகிவிட்டது. இவை ஸமாதிக்கு இடையூறுகள், புறநோக்குடைய சித்தத்துக்கே ஸித்திகள் என்பது அதன் கருத்து. மேடைகளில் இஃது ஸித்திகள் அனைத்தையும் ஒருங்கே தள்ளும் தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. ஸூத்ரத்தின் முதற்சொல் ஒரு சுட்டு என்பதைக் கவனிப்பார் இலர். ‘இவை’ என்று சுட்டப்பட்டவை எவை? ப்ராதிபம் முதலியவை என்கிறது வ்யாஸபாஷ்யம். அதாவது முந்தின ஸூத்ரத்தில் சொன்ன அதிசய ஞானமும், தெய்வத்தன்மையுள்ள கேள்வி, ஊறு, காட்சி, சுவை, நாற்றம் என்பனவும். அவற்றை இடையூறு என்றபின் பதஞ்ஜலி நிறுத்தவுமில்லை. பிறர் உடலிற் புகுதல், நீரிலும் சேற்றிலும் ஒட்டாமை, ஆகாசத்தில் நடத்தல், பூதஜயம், அதனால் வரும் அணிமாதிகள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கைவல்யத்துக்கு அவற்றிலும் வைராக்யம் வேண்டும் என்பது பாதத்தின் முடிவை ஒட்டியே வருகிறது. ஆகவே அந்த ஸூத்ரம் தன் தலையில் ஏற்றப்பட்ட பாரத்தைத் தாங்காது. ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயத் தொடக்கத்திலேயே யோகஸ்ம்ருதியை நிரஸித்துவிட்ட ஸித்தாந்தத்துக்கு, ஸித்தியை மறுக்கப் பதஞ்ஜலியின் துணை எதற்கு என்றும் கேட்கலாம்.

இவ்விஷயத்தில் நம்பத்தக்க இடம் ஸ்ரீபாகவதம். 11-ஆம் ஸ்கந்தம் 15-ஆம் அத்யாயத்தில் உத்தவர், ஸித்திகள் எத்தனை, எந்த தாரணையால் எது வரும் என்று கேட்கிறார். கண்ணன் அக்கேள்வியைக் கடிந்துகொள்ளவில்லை. 18 ஸித்திகளை எண்ணுகிறான். அவற்றில் 8 தன்னை முதன்மையாக உடையவை, 10 குணத்தை ஹேதுவாக உடையவை என்கிறான். பசி தாகமின்மை, தூரத்தில் உள்ளதைக் கேட்டலும் காண்டலும், மனோவேகத்தில் செல்லுதல், விரும்பிய உருக்கொள்ளல், விரும்பியபோது உயிர்விடுதல் முதலியவை அந்தப் பத்தினுள் அடங்கும். முக்காலம் அறிதல், நெருப்பையும் நஞ்சையும் தடுத்தல் போன்ற சிறு ஸித்திகள் வேறே. பிறகு ஒவ்வொன்றுக்கும் தன்னை எவ்வாறு த்யானிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறான். எள்ளி ஒதுக்கவேண்டிய பொருளுக்கு இத்தனை விரிவு தகாது.

அத்யாயத்தின் இறுதியில்தான் தீர்ப்பு வருகிறது. உத்தமமான யோகத்தில் நின்று தன்னாலே நிறைவு பெறுகிறவனுக்கு இவை இடையூறுகள் என்று சொல்லி, அதற்குக் காரணமாக ஒன்றே ஒன்றைக் காட்டுகிறான் கண்ணன்: இவை காலத்தைப் போக்கடிப்பவை. பாபம் என்றோ பொய் என்றோ மாயை என்றோ சொல்லவில்லை. காலம் என்னும் சொல் அங்கே திடீரென வந்ததும் அன்று. அதே அத்யாயத்தில், லகிமாவைப் பெற விரும்புகிறவன் காலத்தின் நுண்மையாகத் தன்னை நினைக்கவேண்டும் என்றும், ஈசித்வத்தைப் பெற விரும்புகிறவன் காலத்தையே திருமேனியாக உடைய விஷ்ணுவினிடம் சித்தத்தை நிறுத்தவேண்டும் என்றும் முன்னமே சொல்லியாயிற்று. காலமாக நிற்கும் அவனை த்யானித்துப் பெற்ற வல்லமை, அவனை அநுபவிக்கவேண்டிய காலத்தைத் தின்றுவிடுகிறது. இந்த முரணை அத்யாயம் தானாக விளக்கவில்லை; வைத்துவிட்டுப் போகிறது. ஸ்ரீவைஷ்ணவர்கள் க்ரந்தம் கேட்பதற்கே காலக்ஷேபம் என்று பேரிட்டிருப்பதையும் இங்கே நினைக்கத் தோன்றும். இரண்டு சொற்களுக்கும் தாது வேறு. ஆனாலும் நாள் எவ்வாறு கழியவேண்டும் என்னும் கவலை இரண்டிலும் ஒன்று.

எம்பெருமானார் ஸ்ரீஸூக்திகளில் இதற்கு இசைந்த இரண்டு இடங்களைச் சுருக்கமாகக் காட்டலாம். கீதையின் 7-ஆம் அத்யாயத்தில் தன்னைப் பஜிக்கும் நால்வரைக் கண்ணன் சொல்லும் இடத்தில், இழந்த ஐச்வர்யத்தை மறுபடி வேண்டுபவனை ஆர்த்தன் என்றும், பெறாத ஐச்வர்யத்தை வேண்டுபவனை அர்த்தார்த்தி என்றும் பாஷ்யம் வ்யாக்யானிக்கிறது. அணிமாதிகளை வேண்டுகிறவனும் ஐச்வர்யார்த்தியாகவே அடங்குவான். அவன் ஞானியோடு ஒவ்வான். ஆயினும் நால்வருமே உதாரர்கள் என்பது மூலத்திலேயே உள்ளது. ஸ்ரீபாஷ்யத்தின் இறுதிப் பாதத்திலோ, ஸத்யஸங்கல்பத்வம் முதலியவை ஆத்மாவுக்கு இயற்கையென்றும், கர்மத்தால் மறைந்து கிடந்தவை பரஞ்சோதியை அடைந்தவனுக்கு வெளிப்படுகின்றன என்றும், அப்போதும் ஜகத்வ்யாபாரம் அவனுக்கு இல்லை என்றும் நிலையிடப்படுகிறது. யோகி பாடுபட்டு ஈட்டிக்கொண்டதாக எண்ணுவது, அவனுக்கே உரியதாய் மூடிக்கிடப்பதில் ஒரு சிறு கீற்று என்று இதனால் ஏற்படும்.

இவற்றை மனத்தில் கொண்டு திருமழிசைப்பிரான் சரித்திரத்துக்கு வருக. ஆழ்வார் யோகத்தில் எழுந்தருளியிருந்தபோது வான்வழியே புலியேறிச் சென்ற ஸித்தன் ஒருவனுடைய புலி, அவருக்கு மேலாகக் கடக்கமாட்டாமல் நின்றது. அவன் இறங்கிவந்து, தன் ஸித்தியால் உண்டான கவசத்தை ஆழ்வாருக்கு ஸமர்ப்பிக்கப் பார்க்க, அவர் அதை ஏற்கவில்லை. கொங்கண ஸித்தனோ இரும்பைப் பொன்னாக்கும் குளிகையைக் கொண்டுவந்து நீட்டினான். ஆழ்வார் தம் திருமேனியின் அழுக்கைத் திரட்டிக் கொடுத்து, இதுவும் அதைச் செய்யும் என்றார், செய்தது. ஸித்தன் தண்டனிட்டுப் போனான். ஆழ்வாரும் ஒரு குகையினுள்ளே புகுந்து யோகத்தைத் தொடர்ந்தார்.

இந்த ஐதிஹ்யத்தின் பொருளைப் பிற்காலத்தார் இரட்டிப்பு வெற்றியாகக் கொண்டது தவறு. ஸித்தன் வாழ்நாளெல்லாம் செலவிட்டுச் செய்த பொருளுக்கு ஆழ்வார் இணையாக வைத்தது தேய்த்து உதிர்க்கும் அழுக்கை. தாமும் ஒரு குளிகை செய்து காட்டியிருந்தால் அது போட்டி. அழுக்கைக் கொடுத்தது விலைநிர்ணயம். இவ்வளவும் சொன்னபின், இக்கதையில் ஒரு குறை எஞ்சுகிறது என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. அழுக்கு பொன்னானதைக் கேட்டவன் மனத்தில் நிற்பது பொன், அழுக்கு நிற்பதில்லை. ஆழ்வாரைச் சித்தராக்கிக் கொண்டாடும் கூட்டத்துக்கு வாசல் திறந்துவிட்டது இந்த ஓரிடமே. திருவெஃகா வ்ருத்தாந்தத்தின் ஆழம் இதற்கு இல்லை.

திருவெஃகாவில் ஆழ்வார் எழுந்தருளியிருந்த இடத்தை நாள்தோறும் அலகிட்டு, மெழுகி, கோலமிட்டுக் கைங்கர்யம் செய்துவந்தாள் ஒரு வ்ருத்தை. அவளிடம் திருவுள்ளம் உகந்த ஆழ்வார், வேண்டுவது என்ன என்று கேட்டார். முதுமை வருத்துகிறது, அது நீங்கவேண்டும் என்றாள். அவர் கடாக்ஷித்தார், அவள் இளமையும் வடிவழகும் பெற்றாள். அவளைக் கண்டு ஆசைப்பட்ட பல்லவராயன் மணந்துகொண்டான். நாள் செல்லச் செல்லத் தனக்கு மூப்பு வர, இவளுக்கு வாராமையைக் கண்டு காரணம் வினவினான். ஆழ்வாருடைய அருள் என்று அறிந்து, அவருடைய சிஷ்யரான கணிகண்ணனை அழைத்து, ஆழ்வாரை அரண்மனைக்குக் கொண்டுவரச் சொன்னான். அவர் ஒருவர் வாசலுக்கும் எழுந்தருளார் என்றார் கணிகண்ணன். அப்படியாகில் நீ நம்மைப் பாடு என்றான் அரசன். அதற்கும் இசையாமையால் நாட்டைவிட்டுப் போகச் சொன்னான். சிஷ்யர் புறப்பட, ஆழ்வார் புறப்பட்டார். ஆழ்வார் விண்ணப்பத்தின்படி பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் புறப்பட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை. அரசன் பின்சென்று வேண்ட, மீண்டும் எழுந்தருளி, சொன்னவண்ணம் செய்த பெருமாளானார்.

உபந்யாஸங்களில் இவ்வரலாறு பெரும்பாலும் அரசனைப் பாட மறுத்த கதையாகவே நின்றுவிடுகிறது. நரஸ்துதி கூடாது என்ற நல்லுபதேசம் அதனால் கிடைக்கும், மெய்தான். ஆனால் பாட்டு இரண்டாவதாகக் கேட்கப்பட்டது. முதலில் கேட்கப்பட்டது இளமை. பாட்டைப் பெரிதாக்கி இளமையைச் சுருக்கும்போது, கதையின் வேர் அறுந்துபோகிறது.

வ்ருத்தைக்குக் கொடுத்ததை அரசனுக்கு ஏன் கொடுக்கவில்லை? அவள் கைங்கர்யபரை, இவன் விஷயபரன் என்பது உடனே வரும் விடை. அது பாதியே செல்லும். அவள் கேட்டதும் சரீரஸம்பந்தமான பலன்தான்; மோக்ஷத்தையோ, கைங்கர்யம் நீடிக்கவேண்டும் என்பதையோ அவள் கேட்டதாக வழங்கும் வரலாறு சொல்லவில்லை. இன்னும் கூர்ந்து பார்த்தால் இடர் பெரிதாகிறது. இளமை பெற்ற பிறகு அவள் இருந்தது அரண்மனையில். ஆழ்வார் ஸந்நிதியில் அவள் மறுபடி அலகெடுத்தாள், கோலமிட்டாள் என்று கதையில் ஓரிடமும் இல்லை. முதுகு வளைந்திருந்தவரையில் நடந்த கைங்கர்யம், முதுகு நிமிர்ந்தவுடன் நின்றது. ஆழ்வாருடைய கடாக்ஷத்தால் வந்ததாயிருந்தும், ஸித்தி ஸித்தியின் காரியத்தையே செய்தது. பாகவதம் சொன்ன காலப்போக்கு அவளுக்கும் நேர்ந்தது. ஆழ்வாருடைய அருளுக்குக் குறை கற்பிப்பதாகுமோ என்று இவ்விடத்தைத் தொடப் பலர் அஞ்சுவர். அஞ்சவேண்டுவதில்லை. தன்னைப் பஜித்தவனுக்கு ஐச்வர்யத்தையும் கொடுத்து, அவனை உதாரன் என்றும் சொல்லுகிற எம்பெருமானுடைய படி அது. அவன் அடியாருக்கும் அதுவே படி. கேட்டவளுக்குக் கேட்டது கிடைத்தது. கொடுத்தவர் அருளும் குறைபடவில்லை, கேட்டவள் பக்தியும் பொய்யாகவில்லை. கேட்ட பொருள்தான் சிறியது.

அரசனிடத்தில் சிறுமை வேறு வகையானது. அவள் கொடையாகப் பெற்றதை அவன் ஓர் உத்தியாகக் கண்டான். அறிந்தவரை வரவழைத்தால் தனக்கும் செய்துகொள்ளலாம் என்று எண்ணினான். மருத்துவனை அழைப்பதற்கும் ஆழ்வாரை அழைப்பதற்கும் அவனுக்கு வாசி தெரியவில்லை. ஸித்தியைக் கொண்டாடி எழுதும் இக்கால நூல்கள் பலவும் அவன் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவனுக்குக் கிடைத்த விடையோ சாபம் அன்று. கொங்கணனிடத்தில் கண்டதுபோன்ற வல்லமைக்காட்சி எதுவும் இங்கே இல்லை. ஆழ்வார் அரசனை முதியவனாகவோ ஊமையாகவோ ஆக்கவில்லை, ஊரைவிட்டு நடந்தார். நடந்ததில் அதிசயம் உண்டானது எம்பெருமானுடைய செயலில். யோகி தன் ஸங்கல்பத்தால் ஒன்றைச் செய்வது ஸித்தி. ஸத்யஸங்கல்பனானவன் தன் ஸங்கல்பத்தை விட்டு, அடியான் சொன்னபடி பாயைச் சுருட்டுவதை அந்த 18-இல் எந்த எண்ணில் சேர்ப்பது?

பெரும்புலியூர் வ்ருத்தாந்தத்திலும் இந்த முறையே காணப்படும். திண்ணையில் வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர் ஆழ்வாரைக் கண்டு ஓதுவதை நிறுத்தினர். அவர் அகன்றபின் விட்ட இடம் தோன்றாமல் திகைத்தனர். அவர் வாய்திறந்து சொல்லவில்லை. ஒரு கருநெல்லை நகத்தால் இடந்து காட்டினார். அவர்களுக்கு வாக்யம் நினைவு வந்தது. பின்னர் யாகசாலையில் அவருக்கு அக்ரபூஜை செய்தது தகாது என்று சிலர் இரைந்தபோதும், தம் பெருமையை அவர் காட்டவில்லை. உள்ளே இருக்கிறவனைப் புறத்தே காட்டியருளும்படி அவனிடமே வேண்டினார். திருமேனியில் எம்பெருமான் ஸேவை ஸாதித்தான். கருநெல் இடத்தில் அதிசயம் ஏதுமில்லை, யாகசாலையில் உண்டு. இரண்டையும் ஒரே தரத்தில் வைத்துச் சொல்லும் ப்ரபாவகாரர்களுடைய நிதானம் பாராட்டத் தக்கது.

ஸித்தியைப் பற்றிய விசாரம் இவ்வளவில் முடிந்தால் எளிதாயிருக்கும். முடியாமைக்குக் காரணம், இந்த ஸம்ப்ரதாயத்தின் ப்ரதமாசார்யரான நாதமுனிகளே யோகி என்பது. அவர் அருளிச்செய்த யோகரஹஸ்யம் இன்று கிடைப்பதில்லை. அவர் உபதேசம் இரண்டு கிளையாய்ப் போயிற்று. யோகமார்க்கம் குருகைக்காவலப்பனிடம் சென்றது. உய்யக்கொண்டாரையும் அது வேண்டுமோ என்று கேட்க, வீட்டில் பிணம் கிடக்கையில் கலியாணம் செய்துகொள்வார் உண்டோ என்ற கருத்தில் அவர் மறுத்து, பிறரை உஜ்ஜீவிப்பிக்கும் அருளிச்செயலையும் வேதாந்தார்த்தங்களையும் பெற்றுக்கொண்டார். இந்த விடையைக் கேட்டதும், யோகம் தள்ளப்பட்டது, தள்ளப்படவேண்டியதே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியானால் மணக்கால் நம்பி தம் இறுதிக்காலத்தில், குருகைக்காவலப்பன் திருவடிகளில் யோகரஹஸ்யத்தைப் பெறும்படி ஆளவந்தாருக்கு நியமித்தது எதற்காக? வேண்டாத பொருளை ஆசார்யன் நியமிப்பதில்லை.

ஆளவந்தார் கங்கைகொண்டசோழபுரத்துக்கு எழுந்தருளி, யோகத்தில் இருந்த அப்பனைக் கலைக்கலாகாது என்று சுவருக்குப் பின்னே நின்றார். தம்மோடு ஏகாந்தமாய் இருக்கையில் பிராட்டி தழுவினாலும் வேறு திரும்பாத எம்பெருமான், தம் கழுத்தை அமுக்கிக்கொண்டு அப்புறம் எட்டிப் பார்த்தமையால், நாதமுனிகளின் திருவம்சத்தார் எவரோ வந்திருக்கவேண்டும் என்று அப்பன் அறிந்தார். குருபரம்பரையில் இதைவிடச் சுவையுள்ள யோகவர்ணனை இல்லை. பிறர் வரவை அறிதல் என்ற ஸித்தி இங்கே யோகியினுடைய வல்லமையாக நிகழவில்லை. பார்க்க ஆசைப்பட்டவன் எம்பெருமான். தாம் தெரிந்துகொண்டது தம் தோளில் விழுந்த அழுத்தத்தால் என்கிறார் அப்பன்.

உபதேசத்துக்கு அவர் ஒரு நாளைக் குறித்து ஓலை கொடுத்தார். இதற்கிடையே திருவரங்கத்தில் அரையர் திருவநந்தபுரத் திருப்பதிகத்தை ஸேவித்து, ஆளவந்தார் திருமுகத்தை நோக்கிப் பாட, அதைப் பெரியபெருமாள் நியமனமாகக் கொண்டு அவர் அப்போதே தெற்கே புறப்பட்டார். அநந்தபத்மநாபனை ஸேவித்துக்கொண்டு அங்கே இருக்கையில் ஓலையைப் பார்த்தால், குறித்த நாள் அன்றைய நாளே. ஒரு புஷ்பகவிமானம் பெற்றிலோமே என்று இழவுபட்டார் என்கிறது வரலாறு. அந்த நாள் கழிந்தது. அந்த உபதேசமும் அதனோடே போயிற்று.

பிற்காலத்து விளக்கங்கள் சில இந்த இழவை இழவே அன்று என்று மெழுகிவிடுகின்றன: ப்ரபத்தி இருக்க யோகம் எதற்கு, எம்பெருமானே அதை ஒழியவிட்டான் என்று. ஸமாதானம் நன்றாயிருக்கலாம், வரலாற்றின் சொல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆளவந்தார் விமானத்தை நினைத்து வருந்தியது அங்கே எழுதியிருக்கிறது. உத்தவருக்குக் கண்ணன் எண்ணிச்சொன்ன பத்தினுள் ஒன்று மனோவேகத்தில் செல்லுதல். யோகத்தைப் பெறப் போகிறவருக்கு அந்த ஒரு யோகஸித்தி அன்று வேண்டியிருந்தது. அது அவரிடம் இல்லை. திருமழிசையில் ஒருவன் வேண்டியபோதெல்லாம் புலியேறிப் பறந்தான். அவனுக்குப் போகவேண்டிய இடம் எது என்று கதை சொல்லவில்லை. ஆளவந்தாருக்குப் போகவேண்டிய இடம் இருந்தது. போகும் வழி கால்நடையாய் இருந்தது. அவரைத் தவறவைத்தது மறதியாகவும் இருக்கலாம். ஆனால் அரையர் இசையைக் கேட்டு அவர் அன்றே புறப்பட்டபோது, நாள் குறித்த அந்த ஓலையும் அவருடன்தான் சென்றது.